துயரைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம்

நோய் ஒருவரைப் பற்றினாலும் அதன் பாரத்தை வீடு முழுவதும் சுமக்கிறது. வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களிடம் இதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். மருந்து நோயாளியின் வலியைத் தணிக்கிறது. கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் கலக்கத்தையும், பிரிவுக்குப் பின் அவர்களைச் சூழும் துயரத்தையும் தணிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒன்றை இவ்விதழில் அறிமுகப்படுத்துகிறோம்.

1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின் மருத்துவரானவர். உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கிலும் வலி உண்டு. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது என்பது அவர் கொள்கை. இன்று உலக சுகாதார நிறுவனமும் இச்சிகிச்சை நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் உரியது என்றே வரையறுக்கிறது.

ஐந்து வகைக் குடும்பங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மனநல மருத்துவர் டேவிட் கிஸ்ஸேனும் அவருடைய குழுவினரும், புற்றுநோயால் தாயையோ தந்தையையோ இழந்த குடும்பங்களை 13 மாதங்கள் வரை கவனித்து, முடிவுகளை 1996இல் வெளியிட்டனர். ஒற்றுமை, மனம் திறந்த பேச்சு, பூசல் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு குடும்பங்களை ஐவகைப்படுத்தினர்.

ஒருவரையொருவர் தாங்கி நிற்பவை முதல் வகை. கருத்து வேறுபட்டாலும் பேசித் தீர்த்துக்கொள்பவை இரண்டாம் வகை. இவ்விரு வகையினரும் துயரை ஓரளவு நன்றாகவே கடந்தனர். வீட்டில் வாக்குவாதம் எழுவதாலேயே எவரும் அஞ்ச வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். கோபத்தை உள்ளே அடக்கிப் பேசாமல் இருந்த குடும்பங்களிலேயே மனச்சோர்வு மிகுதியாகக் காணப்பட்டது. வெளிப்படையான பகைமை நிறைந்த குடும்பங்கள் நான்காம் வகை. ஓரளவே ஒற்றுமை கொண்ட இடைநிலைக் குடும்பங்கள் ஐந்தாம் வகை.

சிகிச்சையும் பலனும்

உதவி தேவைப்படும் குடும்பங்களைப் 12 வினாக்கள் கொண்ட எளிய படிவத்தால் கண்டறிந்து, குடும்பம் சார்ந்த துயர் ஆற்றுப்படுத்தலை இக்குழுவினர் உருவாக்கினர். நோயாளி உயிரோடிருக்கும்போதே, அவரையும் உடன் அமர்த்தி அமர்வுகள் தொடங்கும். அவர் மறைந்த பின்னும் தொடரும். ஒவ்வோர் அமர்வும் ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீளும்.

81 குடும்பங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. பொதுவான பலன் மிதமானதே. தொடக்கத்தில் மிகுந்த மனவேதனையுடன் இருந்தவர்கள் கணிசமாகத் தேறினர். பகைமை மிக்க குடும்பங்களில் மனச்சோர்வு குறையவில்லை. பின்னர் அமெரிக்காவில் 170 குடும்பங்களில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான பராமரிப்பு மட்டுமே பெற்றவர்களில் 15.5 விழுக்காட்டினருக்கு, பிரிவுக்குப் பின் 13ஆம் மாதத்தில் நீடித்த துயர்க் கோளாறு இருந்தது. பத்து அமர்வுகள் பெற்றோரிடையே அது 3.3 விழுக்காடு மட்டுமே. பேச்சுக் குறைந்த குடும்பங்களும் பூசல் மிகுந்த குடும்பங்களும் கூடுதல் பயன் பெற்றன.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

“அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்ற வேண்டுகோள் எங்களுக்குப் பழக்கமானது. அன்பிலிருந்தே அது பிறக்கிறது. ஆயினும் நோயாளி பெரும்பாலும் தம் நிலையை உணர்ந்தே இருக்கிறார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் மறைக்கிறார். இரு தரப்பும் தனித்தனியே அழுகின்றனர். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே மென்மையாகக் கேளுங்கள். அதைத் தொடங்குவது கடினமாயிருந்தால் மருத்துவக் குழுவின் முன்னிலையில் பேசலாம்.

பராமரிக்கும் பொறுப்பு ஒரே மகளின் மீதோ மருமகளின் மீதோ விழாமல், இரவில் விழித்திருத்தல், மருந்து வாங்குதல், பணம் திரட்டுதல் என வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைக் கூறுங்கள். மறைத்தால், தாம் செய்த குறும்பே காரணமென்று அவர்கள் எண்ணக்கூடும்.

எப்போது உதவி நாடலாம்?

துயரம் நோயன்று. அழுகையும் உறக்கமின்மையும் நினைவுகளின் அலைக்கழிப்பும் பெரும்பாலோரிடம் காலப்போக்கில் தணியும். ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஏக்கம் சற்றும் குறையாமல் அன்றாட வாழ்வை முடக்கினால் மனநல ஆலோசனை தேவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல் வர வேண்டும்.

உங்கள் குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேச விரும்பினால், அடுத்த முறை வரும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுங்கள். நோயாளி நம்முடன் பேசும் நிலையில் இருக்கும்போதே கூறுவது நன்று. அவருடைய சொல்லும் அப்பேச்சில் இடம்பெறும்.