பூக்குழி இறங்கப் போறீங்களா பாஸ்?

"பூ மாதிரி இருந்துச்சுடா!"

பூக்குழி இறங்கிட்டு வர்ற அண்ணன்களைக் கேட்டா, பெரும்பாலும் இதுதான் பதில். உடனே நம்ம பயலுக, "அடுத்த வருஷம் நானும் இறங்குறேன், பந்தயமா?"னு கிளம்பிடுறாங்க. வெயிட் மக்களே! இறங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் மேட்டர் தெரிஞ்சுக்கலாம்.

ஆனையூர்ல, மதுரை மொத்தத்துலயும், நமக்கு இது 'பூக்குழி'. பண்ணாரி பக்கம் போனா 'குண்டம்'. வட மாவட்டங்கள்ல தொடங்கி சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் வரைக்கும் 'தீமிதி'. மாசியில நத்தம் மாரியம்மன், வைகாசியில சோழவந்தான் ஜெனகை மாரியம்மன்னு நம்ம ஊரைச் சுத்தி பூக்குழிக்குப் பஞ்சமே இல்லை.

கால் ஏன் வேகலை?

ஹீட் ட்ரான்ஸ்ஃபர் கிளாஸ்ல தூங்கினவங்களுக்காக ஒரு இட்லி உதாரணம். கொப்பரையைத் திறந்ததும் இட்லியும் தட்டும் ஒரே சூடுதான். இட்லியை விரலால குத்திப் பார்க்கலாம். தட்டைத் தொட்டா 'ஆ'! உலோகம் சூட்டை வேகமா கைக்குக் கடத்திடும். விறகுக் கங்கு அதுல படு சோம்பேறி. மேல படியுற சாம்பலும் சூட்டைத் தடுக்கும். அதோட, நடக்கும்போது ஒவ்வொரு அடியும் கங்குல படுறது அரை நொடி அளவுதான்.

1935-ல் இங்கிலாந்துல லண்டன் பக்கம் இதை டெஸ்ட்டே பண்ணியிருக்காங்க. காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ், மேற்பரப்பு 430 டிகிரி செல்சியஸ் இருந்த தணல்ல காயமில்லாம நடந்தார். பிறகு பயிற்சியே இல்லாதவங்களும் நடந்து பார்த்தாங்க. 'கங்கு சூட்டை மெதுவா கடத்துது, கால் படுற நேரமும் கம்மி'ங்கிறதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

அப்போ சேஃப்தானா?

அதான் இல்லை! 2016-ல் அமெரிக்காவின் டல்லாஸ்ல ஒரு தன்னம்பிக்கை நிகழ்ச்சியில தணல் மேல நடந்து 30 பேருக்கு மேல காயம். 2022-ல் ஜூரிச் ஏரிக்கரையில ஒரு கம்பெனியின் 'டீம் ஈவென்ட்'ல 25 பேருக்குக் காயம். நம்ம பக்கத்துலயே, 2025 ஏப்ரல்ல ராமநாதபுரம் மாவட்டம் குயவன்குடி பூக்குழியில ஒரு பக்தர் தடுமாறி விழுந்து, தீக்காயத்தால இறந்துபோனார். நடக்குறவங்களைக் காப்பாத்துறது அந்த அரை நொடி. விழுந்தா அது போச்சு. துணிச்சல் அதிகம்ங்கிறதுக்காகக் கங்கு டிஸ்கவுன்ட் தராது.

முதல் தடவையா?

* காப்பு கட்டி, விரதம் இருந்து இறங்குறதுதான் ஊர் வழக்கம். அதை மதிங்க. கடைசி நிமிஷ வீறாப்புக்கு அங்கே இடமில்லை.

* எப்பவும் இறங்குற பெரியவங்க சொல்றதைக் கேளுங்க. தணலைத் தட்டிச் சமப்படுத்தி, அவங்க 'போ'ன்ன பிறகுதான் இறங்கணும். பழைய ஜன்னல் சட்டத்தை விறகாப் போட்டிருந்தா ஆணி கிடக்கும். இட்லித் தட்டு ஞாபகம் இருக்குல்ல?

* ஓடாதீங்க, நிக்காதீங்க. ஓடினா கால் ஆழமாப் புதையும், தடுக்கும். நின்னா வேகும். சீரான வேகநடைதான் சரி.

* முன்னாடி போறவர் கரை ஏறட்டும். இடைவெளி முக்கியம்.

* வேட்டியோ சேலையோ, பருத்தியா இருக்கட்டும். காலைத் தட்டாத மாதிரி தூக்கிக் கட்டுங்க. பாலியஸ்டர் உருகி உடம்புல ஒட்டிக்கும்.

* குழந்தையைத் தூக்கிட்டு இறங்கவே கூடாது. செல்ஃபியும் நோ!

* சுகரால கால் மரத்துப்போன அப்பா, பெரியப்பா யாராவது இறங்கணும்னா, பக்குவமா பேசித் தடுங்க. சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது. புண் ஆறவும் லேட் ஆகும்.

சுட்டுட்டா?

ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காலைக் காட்டுங்க. ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீங்க. பெரிய காயம்னா உடனே 108.

வேண்டுதல் உள்ளவங்க முறையா இறங்கட்டும். ஹாஸ்டல் பந்தயத்துக்காகவோ, 'பயத்தை ஜெயிக்கலாம் வா'ன்னு கூப்பிடுற கேம்ப்புக்காகவோ இறங்காதீங்க. பந்தயத்துல ஜெயிச்சா கிடைக்கிறது ஒரு பரோட்டா செட்தான் பாஸ்!