மொட்டைப் பனையும் பனங்காடையும்

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் காலை, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே மின்சார ரயில் கைகாட்டிக்காகச் சற்று நின்றது. என் எதிரில் அமர்ந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் சாளரத்தின் வழியே சுட்டிக்காட்டி, "தாத்தா, அதோ பாருங்கள், மீன்கொத்தி!" என்றான். வயலோரத்து மின்கம்பியின்மேல் தலை பருத்த பறவையொன்று அசையாமல் அமர்ந்திருந்தது. "அது மீன்கொத்தி அன்று, தம்பி, பனங்காடை" என்றேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நல்ல வினா. நான் விடை சொல்லத் தொடங்குமுன் வண்டி நகர்ந்தது. அடுத்த நிலையத்தில் அவன் இறங்கிவிட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு, ஒரு வினாவை விடையின்றி விட்டுவர மனம் ஒப்புவதில்லை. ஆகவே, அவனுக்குச் சொல்ல வேண்டியதை நேயர்களாகிய உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பெயரைக் கேட்டதும் இதனைக் காடையின் இனம் என்று எண்ணிவிடுதல் கூடாது. காடை தரையில் திரிவது, கோழிக்கு உறவு. பனங்காடையோ மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் உறவு. எனவே அச்சிறுவனின் பிழையிலும் ஓரளவு உண்மை இருந்தது. வடநாட்டார் இதனை நீலகண்டம் என்பர். உண்மையில் இதன் கழுத்தில் நீலம் இல்லை. பக்தியே அங்கு நிறம் பூசியிருக்கிறது. தெலுங்கர் பாலபிட்ட என்பர். கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களும் இதனைத் தங்கள் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன. நம் தமிழ்ப்பெயர்தான் பறவை வாழும் இடத்தைச் சொல்லுகிறது. பனை உள்ள இடத்தில் காண்பது பனங்காடை.

இனி, அடையாளம். பறவையைக் காட்டிக் கற்பிக்கும்போது நிறத்திலிருந்து தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது முறையன்று. ஒளி மாறினால் நிறம் மாறும். அளவும் அமர்வும் மாறா. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்று எங்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். மைனாவை எல்லோரும் அறிவர், காக்கையையும் அறிவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது பனங்காடை. ஏறக்குறைய புறாவின் பருமன். நீளம் 30 முதல் 34 சென்டிமீட்டர். பெருந்தலை, குறுங்கழுத்து, கறுத்துத் தடித்த அலகு. கம்பியிலோ பட்டமரக் கிளையிலோ நெடுநேரம் நிமிர்ந்து அமர்ந்து, கீழே தரையையே நோக்கிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே.

வெண்மார்பு மீன்கொத்தியும் நீரை விட்டு வெகுதூரம் வந்து கம்பியில் அமர்வதுண்டு. குழப்பம் அங்கேதான் எழுகிறது. மீன்கொத்தியின் அலகு நீண்டு சிவந்தது. தலை காப்பிக்கொட்டையின் பழுப்பு. மார்பு வெள்ளைச் சட்டை அணிந்தாற்போல் இருக்கும். அலகு சிவப்பா கறுப்பா என்று பார்த்தாலே போதும். முக்கால் பங்கு வேலை முடிந்தது. பனங்காடையின் உச்சந்தலை நீலம், முதுகு மங்கிய பழுப்பு, மார்பு செம்பழுப்பு, தொண்டையில் வெளிறிய கீற்றுகள். அமர்ந்திருக்கையில் அதனை அழகிய பறவை என்று யாரும் சொல்லார். அது சிறகை விரிக்கும் கணத்தில்தான் பார்ப்பவர் திடுக்கிடுவர். அடர்நீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஒளிரும்; வாலின் ஓரத்திலும் அதே அடர்நீலம்.

அந்த நீலத்தைப் பற்றி ஒரு சொல். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், 1930-களில் பறவையிறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தபோது, கையில் எடுத்துக்கொண்டது பனங்காடையின் இறகே. இறகில் நீலச் சாயம் ஏதும் இல்லை. அதனுள் காற்று நிறைந்த நுண்ணிய அமைப்பு உள்ளது. அது ஒளியைச் சிதறச் செய்து நீலத்தை நமக்குக் காட்டுகிறது. இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்து கருமைதான் எஞ்சும். இது தெரியாத காலத்தில், மேனாட்டு மாதரின் தொப்பிகளுக்கு அழகு செய்வதற்காக இப்பறவைகளைப் பெருந்தொகையாகக் கொன்று இறகை ஏற்றுமதி செய்தார்கள். தெரிந்திருந்தாலும் செய்திருப்பார்கள் என்பது வேறு செய்தி.

வெட்டுக்கிளி, வண்டு, சிள்வண்டு, தேள், ஓணான் குஞ்சு ஆகியவை இதன் உணவு. கம்பியிலிருந்து இறங்கிக் கவ்வும். மீண்டும் ஏறி அமரும். வயலை உழும்போது ஏரின் பின்னும், இன்று டிராக்டரின் பின்னும் இதனைக் காணலாம். உழவனுக்கு இதனால் நன்மையேயன்றித் தீமை இல்லை.

இனி நான் சொல்லப்போவதே இப்பேச்சில் முக்கியமானது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் பனங்காடையைப் பெரும்பாலும் மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும்போது காண்கிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் புறவயல்கள், அயப்பாக்கத்துக்கு அப்பாலுள்ள தரிசுகள், நெமிலிச்சேரியை அடுத்த இருப்புப்பாதையோரம் ஆகிய இடங்களில் கம்பிக்கு ஒன்றாக அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பவர், "இருக்கிறதே, எங்கே குறைந்தது?" என்று அமைதி கொள்வர். ஆனால் இப்பறவை நாட்டுக்குள்ளேயே பருவத்துக்கேற்ப இடம் பெயர்வது. மார்கழியில் கம்பியில் அமர்ந்திருப்பது விருந்தாளியாகவும் இருக்கலாம். அது இவ்வூர்ப் பறவைதானா என்பதைப் பங்குனி, சித்திரையில்தான் அறிய முடியும்.

அப்போது ஆண்பறவை வானில் உயர எழும்பி, கரகரத்த குரலில் கத்திக்கொண்டே தலைகீழாகப் பாய்ந்து, இடமும் வலமும் உருண்டு கரணமிடும். ஆங்கிலத்தில் இதற்கு ரோலர் என்று பெயர் வந்தது இதனால்தான். இக்கூத்து எந்த மரத்தின்மேல் நடக்கிறதோ, அதன் அருகே பொந்து இருக்கக்கூடும். பொந்தில் மூன்று முதல் ஐந்து வெண்ணிற முட்டைகள். ஏறக்குறைய 18 நாள் அடைகாப்பு. அதன்பின் குஞ்சு பறப்பதற்கு ஒரு மாதம்.

பனங்காடையின் அலகு மரத்தைத் துளைக்காது. அது பிறர் செய்த பொந்தையோ காலம் செய்த பொந்தையோ நாடியே வாழவேண்டும். இடி விழுந்தோ குருத்து அழுகியோ தலை போன பனை, பல ஆண்டுகள் மொட்டையாக நிற்கும். பனையின் வெளிப்புறம் இரும்பு, உள்ளே சோறு. சோறு மக்கியதும் மரம் தானே ஒரு குழாயாகிவிடுகிறது. இதனினும் சிறந்த வீடு அதற்கு வேறில்லை. நாமோ பச்சைப் பனையைக் கற்பகத்தரு என்கிறோம், மாநில மரம் என்கிறோம். மொட்டைப் பனையைப் பயனற்ற கட்டை என்று முதலில் வெட்டுகிறோம்.

இதில் நானும் குற்றவாளி. நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியின் விளையாட்டுத் திடலோரம் ஒரு மொட்டைப் பனை நின்றது. அது பிள்ளைகள்மேல் விழுந்துவிடும் என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். அஞ்சியதில் தவறில்லை. கோடை விடுமுறையில் வெட்டிவிடுமாறு கையொப்பமிட்டேன். மரம் சாய்ந்தபின் போய்ப் பார்த்தேன். பிளந்த தண்டுக்குள் நான்கு முட்டைகள் உடைந்து கிடந்தன. எதிரேயிருந்த கம்பியில் இரண்டு பறவைகளும் அன்று மாலைவரை அமர்ந்திருந்தன. விடுமுறையில் திடலுக்கு வருபவர் யார்? சுற்றிலும் கயிறு கட்டி இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை வெளியாயிற்று. முப்பதாயிரம் பறவை நோக்குநர்களின் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை அது ஆராய்ந்தது. 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்டவை என்றும், உலகச் சிவப்புப் பட்டியலில் இவற்றின் நிலையை மறுஆய்வு செய்யவேண்டும் என்றும் அது குறிப்பிட்ட 14 இனங்களுள் பனங்காடையும் ஒன்று. நாடெங்கும் சாதாரணமாகக் காண்பது என்று நாம் எண்ணியிருந்த பறவை அது.

நம் வட்டாரத்தின் பழைய முகத்தை ஊர்ப்பெயர்களே சொல்லும். திருவேற்காட்டில் வேலங்காடு இருந்தது. திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி படர்ந்திருந்தது. தோப்பும் வெட்டவெளியும் மாறி மாறி வரும் நிலம் பனங்காடைக்கு உகந்தது. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. தொழில் வேண்டா என்று சொல்ல நான் வரவில்லை. என் மாணாக்கர் பலர் அவற்றால்தான் குடும்பம் நடத்தினர். ஆனால் அவற்றைத் தொடர்ந்து வந்த மனைப்பிரிவுகள் ஏரிக்கரைப் பனைகளை விட்டுவைக்கவில்லை. வெட்டிய பனை செங்கற்சூளைக்குப் போயிற்று. எஞ்சிய வயல்களில் அடிக்கும் பூச்சிமருந்து வெட்டுக்கிளியைக் குறைத்தது. தார்ச்சாலையில் நசுங்கிய பூச்சியை எடுக்க இறங்கும் பறவை வண்டியில் அடிபடுகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். 2021-இல் தமிழ்நாட்டு அரசு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. பட்டுப்போன கட்டையையும் பனை என்று கருதிக் காப்பவர் எத்தனை பேர்? நீங்கள் பனங்காடையைக் கண்டால் நாளையும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிட வேண்டா. கம்பியில் கண்டீர்களா, கரணமிடக் கண்டீர்களா, பொந்தில் நுழையக் கண்டீர்களா என்பதையும் எழுதி வையுங்கள். கூட்டின் அருகே மட்டும் போக வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன், செம்பரம்பாக்கத்துக்கு அருகே ஒருவர் நிலத்தில் மொட்டைப் பனையொன்றில் ஓர் இணை நுழைவதைக் கண்டேன். மரத்தைச் சூளைக்காரருக்கு விலை பேசியாயிற்று என்றார் நிலத்துக்காரர். செய்தியைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "சரிங்க ஐயா, ஆடி கழியட்டும்" என்றார். ஆடி கழிந்தும் அவர் வெட்டவில்லை. மறு ஆண்டு பங்குனியில் மீண்டும் சென்றேன். மரம் நின்றது, பொந்தில் மைனா குடியேறியிருந்தது. பனங்காடைகள் இரண்டும் சற்றுத் தொலைவில் கம்பியில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்தில் வேறு மொட்டைப் பனை இல்லை.