ஜிஆர்இ ஆங்கிலத்துக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க அமெரிக்கா கிளம்ப நினைக்கும் நம் பிள்ளைகள் ஜிஆர்இ நுழைவுத் தேர்வு என்றதும் பயப்படுவது கணக்குக்கு அல்ல, ஆங்கிலத்துக்குத்தான். வெர்பல் என்ற அந்த ஆங்கிலப் பகுதியில் மொத்தமே 27 கேள்விகள், 41 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம். ஆனால் அந்த 41 நிமிடங்களுக்குப் பின்னால் எத்தனை விஞ்ஞானம், எத்தனை வரலாறு, எத்தனை ஆச்சரியம் இருக்கிறது தெரியுமா?

முதல் ஆச்சரியம் மதிப்பெண்ணில். வெர்பல், கணக்குப் பகுதியான குவாண்ட் இரண்டுக்குமே 130 முதல் 170 வரைதான். ஆனால் வெர்பலில் 160 எடுத்தவர், தேர்வு எழுதிய ஐந்து பேரில் நான்கு பேரை முந்திவிடுகிறார்! கணக்கில் அதே 160 எடுத்தால்? ஏறக்குறைய பாதிப் பேர் அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் கூட்டமாக வந்து எழுதும் தேர்வு இது. அதனால் ஆங்கிலத்தில் ஏறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் உங்களைக் கூட்டத்திலிருந்து தனியே எடுத்துக்காட்டும்.

இந்தத் தேர்வின் வயது என்ன தெரியுமா? 1930-களில் கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தொடங்கிய சோதனை முயற்சி இது. 1937-இல் முதல் தேர்வு நடந்தது. 1948-இல், இன்றும் இதை நடத்தும் இடிஎஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் எதிர்ச்சொல் கேட்டார்கள், சொல்லுக்குச் சொல் உறவு கேட்டார்கள். சொல் பட்டியலை உருப்போட்டவர்களுக்கு அது கொண்டாட்டம். 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள்! 2023 செப்டம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது. 3 மணி 45 நிமிடம் நீடித்த தேர்வு 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இன்று தனியாக ஒரு சொல்லை நீட்டி அர்த்தம் கேட்கும் கேள்வியே கிடையாது. சொல் எப்போதும் ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் வரும். அப்படியிருந்தும் எத்தனையோ பேர் 3,500 சொல் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

வாக்கியத்துக்குள் சொல் என்றால் எப்படி? இதோ ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பாருங்கள். வாக்கியம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘மேடை ஏறினால் நிறுத்தாமல் பேசும் அவர், நண்பர்களிடையே ஆச்சரியப்படும் அளவுக்கு ______ ஆக இருப்பார்.’ கீழே ஆறு சொற்கள்: லொக்வேஷஸ், டாசிடர்ன், மொரோஸ், காருலஸ், ரெட்டிசென்ட், அஃபபிள். இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுமே வாக்கியத்துக்கு ஒரே அர்த்தத்தைத் தர வேண்டும். லொக்வேஷஸ், காருலஸ் இரண்டும் வாயாடிச் சொற்கள், அழகான ஜோடி. பட்டியல் படித்தவர் கண் நேரே அங்கேதான் போகும். ஆனால் ‘ஆச்சரியப்படும் அளவுக்கு’ என்ற சொற்கள் வாக்கியத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டன! அதிகம் பேசாதவர் என்று சொல்லும் டாசிடர்ன், ரெட்டிசென்ட்தான் விடை. மொரோஸ்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் என்று அர்த்தம். வாக்கியத்தில் ஒருமாதிரி பொருந்தக்கூடச் செய்யும். ஆனால் அதற்கு ஜோடி இல்லை. அதனால் தப்பு. ஆறு சொற்களும் தெரிந்தும் கேள்வியைக் கோட்டைவிடலாம், பார்த்தீர்களா? ஆப்ஷனைப் பார்ப்பதற்கு முன்பே கோடிட்ட இடத்துக்கு நீங்களே ஒரு சொல்லை, தமிழிலாவது, மனதில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு தூண்டில் சொல் எதுவும் உங்களை இழுக்காது.

குத்துமதிப்பாக அடித்துவிடலாம் என்கிறீர்களா? அந்த ஆறில் சரியான ஜோடி கண்ணை மூடிக்கொண்டு கிடைக்க 15-இல் ஒரு வாய்ப்புதான். மூன்று கோடிட்ட இடம் வரும் கேள்வியில், இடத்துக்கு மூன்று ஆப்ஷன் வீதம், 27-இல் ஒன்று! இரண்டு சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மார்க்கா? கிடையவே கிடையாது, பூஜ்யம்தான். ஆனாலும் தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

சரி, எத்தனை சொல்தான் தெரிய வேண்டும்? இந்தக் கேள்வியின் வரலாற்றில் நம் துணைக்கண்டத்துக்கு ஓர் இடம் உண்டு தெரியுமா? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் தேவையில்லாத அரிய சொற்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பிக்கும் வாசிப்பு நூல்களை எழுதினார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1953-இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட அவருடைய புகழ்பெற்ற பட்டியல் வெளியானது. அதற்கு அடுத்த படி நியூசிலாந்தில் நடந்தது. அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறைகளிலிருந்து 35 லட்சம் சொல் அளவுக்குப் பல்கலைக்கழக எழுத்துகளைத் திரட்டி அலசினார். வெஸ்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை 2000-இல் வெளியிட்டார். வெறும் 570! கல்வி எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்த 570-க்குள் அடங்கிவிடுகிறது! அதே சொற்கள் கதைப் புத்தகங்களில் எவ்வளவு வந்தன தெரியுமா? 1.4 சதவீதம். நாவல் வாசிப்பு மிக நல்லது, நிறுத்தவே வேண்டாம். ஆனால் ஜிஆர்இயில் படித்து விடை சொல்லத் தரும் பாசேஜுக்கு நாவல் மட்டும் போதாது. அறிவியல், வரலாறு, பொருளாதாரக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் தினமும் ஒன்றாவது படித்தே ஆக வேண்டும்.

இன்னொரு விந்தை கேளுங்கள். இந்தத் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பவை தெரியாத சொற்களைவிடத் தெரிந்த சொற்கள்தான்! ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்கிறோம். அதே சாங்ஷன், ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை போட்டார்கள் என்பதற்கும் வருகிறது. அனுமதி, தடை, ஒன்றுக்கொன்று நேர் எதிர், சொல் ஒன்றே! குவாலிஃபைடு என்றால் தகுதி பெற்றவர் என்று யாருக்கும் தெரியும். ஆனால் ‘குவாலிஃபைடு’ பாராட்டு என்றால் முழு மனதோடு சொல்லாத, ‘ஆனால்’ போட்டுச் சொன்ன பாராட்டு. எனர்வேட் என்றால் எனர்ஜி தருவது போலக் காதில் விழும். உண்மையில் தெம்பை உறிஞ்சுவது!

நம் பஞ்சாங்கமும் ஜிஆர்இ பட்டியலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு தெரியுமா? சனிக்கு நாம் மந்தன் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஐரோப்பாவின் பழைய சோதிடமும் சனியின் ஆதிக்கத்தில் பிறந்தவரை மந்தமானவர், இறுக்கமானவர் என்றே சொன்னது. அதிலிருந்து வந்ததுதான் சாட்டர்னைன். புதனின் பெயரிலிருந்து வந்தது மெர்க்யூரியல், கணத்துக்குக் கணம் மாறும் மனம். இப்படி ஒரு கதையோடு படித்த சொல் எளிதில் மறக்காது. எதிரில் வந்ததையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் பெரும் சக்திக்கு ஜகர்நாட் என்கிறது ஆங்கிலம். அது புரி ஜெகந்நாதர் தேர்!

தமிழிலிருந்தே போன ஒரு சொல்லும் அந்தப் பட்டியல்களில் இருக்கிறது. பறையர் என்ற சமூகப் பெயரை எடுத்து, ‘எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் ஆங்கிலம் பரையா என்று வழங்குகிறது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த பெயர், உலகம் முழுக்க ஒரு வசைச்சொல்லாகச் சுற்றுகிறது. பாசேஜில் வந்தால் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வின் கட்டுரைப் பகுதியிலோ வேறெங்குமோ நீங்கள் அதைக் கையில் எடுக்காதீர்கள். அந்தப் பொருளைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன.

இப்போது மறதிக்கு வருவோம். இங்கேதான் உண்மையான அதிசயங்கள்! 1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காலி. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. ஆனால் ஒரு மாதம் கழித்து? அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது! சேதத்தின் பெரும்பகுதி முதல் நாளிலேயே. அன்றைக்குப் படித்ததை மறுநாளே திரும்பத் தொட்டவர் தப்பித்தார்.

தொடுவது என்றால் திரும்பப் படிப்பதா? அதுதான் இல்லை! 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். அதற்கு எடுத்த பாசேஜ்கள் எங்கிருந்து தெரியுமா? டோஃபல் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்திலிருந்து! ஒன்று சூரியனைப் பற்றி, மற்றது கடல் நீர்நாயைப் பற்றி. ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முன்னணியில்: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். தலைகீழ்! படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் இன்னும் பெரிய வியப்பு, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு முறை படித்தவர்கள்தான். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே போகும்போது வருகிறதே ஒரு தெம்பு, அதை நம்பாதீர்கள் என்று இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

இந்த இரண்டு உண்மையையும் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடைத்தவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர், 1972-இல். பெட்டியில் ஐந்து தடுப்புகள். அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தமும் ஒரு வாக்கியமும். எல்லா அட்டையும் முதல் தடுப்பில் தொடங்கும். அர்த்தம் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்கு முன்னேறும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பி வர வேண்டும். முதல் தடுப்பைத் தினமும் பாருங்கள், பின்னால் உள்ளவற்றை நாள் விட்டு, வாரம் விட்டுப் பாருங்கள். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் கண்ணை விட்டு மறையாது. இன்று மொபைலில் பலரும் வைத்திருக்கும் ஆங்கி செயலியும் இதே இடைவெளித் தத்துவத்தில்தான் ஓடுகிறது. அட்டையின் பின்பக்கம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாக்கியம் இல்லாத அட்டை, 2011-க்கு முந்தைய தேர்வுக்குத்தான் உதவும்.

வாசிப்பு வேகம்? நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது தெரியுமா? ஒரு தாவலுக்கு ஏழெட்டு எழுத்து, பிறகு கால் விநாடி நின்று பார்க்கும். தாவும் அந்தக் கணத்தில் நமக்கு எதுவும் தெரிவதில்லை! ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்துக்குச் சராசரி மௌன வாசிப்பு நிமிடத்துக்கு 238 சொல் என்று, ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் மார்க் பிரிஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். அந்த வேகத்தில் 400 சொல் பாசேஜை முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. நேரம் போவது விடைக்காகத் திரும்பத் திரும்ப மேலே போய்த் தேடுவதில்தான். நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்கக் கற்றுத்தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கீத் ரேனர் முதலிய ஐந்து ஆய்வாளர்கள் 2016-இல் எல்லா ஆதாரங்களையும் அலசிவிட்டு, வேகத்தை அப்படி ஏற்றினால் புரிதல் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு நொடி நின்று, ஆசிரியர் இங்கே என்ன செய்தார், எதிர்த்தாரா, சான்று தந்தாரா என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். தேடல் குறையும்.

ஜிஆர்இ போலவே பாசேஜ்களை நம்பிய ஓர் ஆங்கிலத் தேர்வு சீனாவில் தேசியத் திருவிழா! அங்கே முதுகலை நுழைவுத் தேர்வு டிசம்பர் கடைசியில் நடக்கும். 2023 சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்கள் 47.4 லட்சம் பேர். 500 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 100. அந்த 100-இல் 40, நான்கே நான்கு பாசேஜ்களின் கேள்விகளுக்கு! வெறும் சொல் பட்டியலால் அந்த 40-ஐத் தொட முடியாது என்பது அங்கேயும் அதே கதைதான்.

கடைசியாக ஒன்று, இது பலருக்குத் தெரியவே தெரியாது. இடிஎஸ் தன் இணையதளத்தில் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாக் டெஸ்ட்களை இலவசமாகவே தருகிறது. கேள்விகள், திரை, கடிகாரம் எல்லாம் அசல் தேர்வு போலவே இருக்கும். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன், ஒரு சொல் பட்டியலைக்கூடத் திறப்பதற்கு முன், முதல் டெஸ்ட்டை எழுதிவிடுங்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், சொல் தெரியாததால் போனதா, வாக்கியம் திரும்பிய இடத்தைக் கவனிக்காததால் போனதா என்று குறியுங்கள். இரண்டாவது டெஸ்ட்டைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்வரை தொடாமல் வைத்திருங்கள்.