பத்து நாள் நெரிசலுக்கு வருடம் முழுவதும் ஒரு சர்வரா?

தீபாவளிக்கு முன் பத்து நாள் கடையில் கூடுதலாக நான்கு ஆள் போடுகிறோம்; பண்டிகை முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறோம். கணிப்பொறி விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் நேர்மாறு. அந்தப் பத்து நாள் பில் நெரிசலுக்கென்று பெரிய சர்வர் வாங்கி, மீதி நாளெல்லாம் ஏ.சி. போட்டுச் சும்மா வைத்திருக்கிறோம்.

நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையோரம் பெரிய கிடங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நகர்த்தக்கூடிய தகரத் தடுப்புகள். மளிகைச் சரக்கு பெருகினால் தடுப்பைத் தள்ளி இடம் கொடுக்கலாம். குறைந்தால் அந்த இடம் ஜவுளிக்கு. சரக்கு ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒரே சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரிப்பதும் இப்படித்தான். பில் போட ஒன்று, கணக்குக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று. தடுப்பை நகர்த்தும் கணக்கப்பிள்ளை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். (நகர்த்தும்போது அந்தப் பகுதியைச் சில சமயம் நிறுத்தித் தொடங்க வேண்டிவரும், கடை பூட்டிய பின் செய்வதே நல்லது.) ஐ.பி.எம். இதைப் பெரிய கணிப்பொறிகளில் 1972-லேயே விற்றது. நம் போன்றோர் வாங்கும் சர்வர்களுக்கு இதைக் கொண்டுவந்ததில் 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு.

ஆனால் தடுப்பை நகர்த்தினால் கிடங்கு பெரிதாகிவிடாது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நாம் பட்ட பாடே இதற்குச் சான்று. 3பி படிவத்துக்கு எல்லோருக்கும் 20-ஆம் தேதியே கடைசி நாளாக இருந்ததால், அன்று தளம் திணறும். 2020 ஜனவரியில் தேதியைப் பிரித்தார்கள். 5 கோடிக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ள தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு 22 என்றானது. அதே ஆண்டு மார்ச்சில், ஒரே நேரத்தில் 1.5 லட்சம் பேரைத் தாங்கும் தளத்தை 3 லட்சம் பேருக்கு உயர்த்த ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. கூட்டத்தையும் பிரித்தார்கள், கிடங்கையும் பெரிதாக்க முனைந்தார்கள்.

சொந்தக் கிடங்கு போதாதவர்களுக்கு வாடகை உண்டு. பக்கத்து அம்பத்தூரிலேயே என்.டி.டி. நிறுவனம் 2023-ல் பெரிய தரவு மையம் திறந்தது. இத்தகைய மையங்களிலிருந்து மெய்நிகர் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல. தீபாவளி முடிந்து மூட மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தால் கல்லாவில் பில் வருமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த சர்வரே போதும் என்பவர்கள், அந்த ஒரு பெட்டி பழுதானால் மூன்று பகுதியும் ஒன்றாகப் படுத்துவிடும் என்பதால், தினமும் ஒரு நகலை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.