மீட்டரைத் திருப்பிப் படிப்பது

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களை ஒட்டிக் காட்டுப்பாக்கத்தைக் கடக்கும் ஆட்டோவிலும் ஒரு சமன்பாடு இருக்கிறது. 2013-இல் தமிழக அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். (மீட்டர் போட்டால்!) காத்திருப்பு, இரவுக் கட்டணங்களை விட்டுவிடுவோம். கட்டணம் ‘க’, தூரம் ‘தூ’ என்றால்:

க = 25 + 12 (தூ – 1.8)

தூரத்தைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கட்டணத்தைச் சட்டென்று போட்டுவிடும். “97 ரூபாய் ஆச்சு, எவ்வளவு தூரம்?” என்று கேட்டால்தான் பேனா நிற்கும்.

டியூஷன்களில் காலங்காலமாக ஓதப்படும் மந்திரம், “அந்தப் பக்கம் போனா குறி மாறும்” என்பது. 25-க்கு அது பலிக்கிறது: 97 – 25 = 72. அடுத்து 12. குறி மாறும் என்று நம்பிய பிள்ளை அதையும் கழித்து 60 என்று எழுதும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, மந்திரம்தான் அரைகுறை. எந்த எண்ணும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். மீட்டர் முதலில் 1.8-ஐக் கழித்தது, பிறகு 12-ஆல் பெருக்கியது, கடைசியில் 25-ஐக் கூட்டியது. கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும்: 25-ஐக் கழி, 12-ஆல் வகு, 1.8-ஐக் கூட்டு. 72-ஐ 12-ஆல் வகுத்தால் 6, ஆக 7.8 கி.மீ. எண்ணே இல்லாமலும் இதை எழுதலாம்:

தூ = (க – 25) ÷ 12 + 1.8

இது கைவந்தால் இயற்பியலில் ஒரே சூத்திரத்தை மூன்று விதமாக மனப்பாடம் செய்யும் அவஸ்தை தீரும்.

இதே திருப்பல் பழங்கணக்கிலும் செல்லும். காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு: காம்பருகே உள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுப்பது. பழம் அதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம். 120 சுளைக்கு எத்தனை முள் என்று கேட்டால் 5-ஆல் பெருக்கி, 6-ஆல் வகுக்க வேண்டும்: 100.

மறுபடி ஆட்டோவுக்கு வருவோம். மீட்டர் வெறும் 25 காட்டினால்? திருப்பிய சூத்திரம் 1.8 கி.மீ. என்று அடித்துச் சொல்லும். ஆனால் அடுத்த தெருமுனையில் இறங்கியவருக்கும் அதே 25தான். 1.8-க்குக் கீழே இந்தச் சமன்பாடு செல்லாது. அதை யாரும் கரும்பலகையில் எழுதிப் போடுவதில்லை.