சாதா லேப்டாப்பில் கேம் ஓடுமா?

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்த லேப்டாப்பில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். கொடுத்தது படிப்புக்காக. ஆனால் பென்டிரைவில் கைமாறி வந்த ஜிடிஏ வைஸ் சிட்டியும் அதில் தாராளமாக ஓடியது. 2002-ல் வெளியான அந்த கேமுக்கு ஒரு ஜிபி இடம்கூடத் தேவைப்படவில்லை. இன்று கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஒன்றுக்கே 85 ஜிபி கேட்கிறது.

திருவள்ளூர்ப் பக்கம் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் இளைஞருக்கும் படிப்புக்கு ஒரு லேப்டாப், விளையாட்டுக்கு ஒன்று என்று வாங்கக் கட்டுப்படியாகாது. ஆட்டோகேட், ஆன்லைன் இன்டர்வியூ, ராத்திரி வேலரண்ட் கேம் எல்லாம் ஒரே பெட்டியில் நடக்க வேண்டும். வண்ண விளக்கு மின்னும் தடித்த கேமிங் லேப்டாப்பை வகுப்பிலும் ஆபீசிலும் திறந்துவைக்கப் பலருக்குக் கூச்சம். அவர்கள் தேடுவது பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ஒன்றை. அப்படிப்பட்டவை நிறையவே உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கினால் போதும்.

பெரும்பாலானோர் ஏமாறுவது ஸ்டிக்கரில்தான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு சிப்கள் உள்ள லேப்டாப்கள் இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; இரண்டிலும் 'ரைசன் 5' என்றுதான் ஒட்டியிருக்கும். முதல் சிப்பில் இருப்பவை 2 கிராபிக்ஸ் கோர்கள், அடுத்ததில் 7. அந்த எண்ணின் மூன்றாவது இலக்கம் சிப்பின் தலைமுறையைச் சொல்கிறது: 2 என்றால் பழைய வடிவமைப்பு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று 7520யு-வை எடுத்தவர், கேம் திணறும்போதுதான் வித்தியாசத்தை உணர்வார்.

ரேம் இன்னொரு கண்ணி. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் முழு வேகத்தில் வேலை செய்ய ரேம் இரட்டைச் சேனலில் இருக்க வேண்டும். ஒற்றை 8 ஜிபி ரேம் மட்டும் போட்டிருந்தால், விண்டோஸே அதை வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டும். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் அதே லேப்டாப் வேறு ஆளாகிவிடும். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஸ்லாட்டும் இல்லாத மாடலில் அந்த வழி அடைபட்டிருக்கும். கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது. விற்பவர் முகம் சுளித்தாலும் பார்த்துவிட வேண்டும்.

எல்லோருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. வேலரண்ட் குறைந்தபட்சமாகக் கேட்பது 2012-ல் வந்த இன்டெல் எச்டி 4000 என்ற, சிப்போடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ்தான். ஆனால் லேப்டாப்பில் அந்த கேமுக்கு விண்டோஸ் கட்டாயம். விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத லேப்டாப்பை எடுத்து லினக்ஸ் போட்டால் அந்த கேம் ஓடாது.

ஜிடிஏ 5 போன்றவற்றை நல்ல தரத்தில் ஆடவும், முப்பரிமாண வடிவமைப்பு வேலை செய்யவும் ஆர்டிஎக்ஸ் 2050 அல்லது 3050 கார்டு கைகொடுக்கும். ஏசர் ஆஸ்பயர் 7, ஆசஸ் விவோபுக் 16எக்ஸ் வரிசைகளில் இவற்றோடு வந்த மாடல்கள் அலுவலக லேப்டாப் போலவே இருக்கும். ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள்? 3050-ஐயே 35 முதல் 80 வாட் வரை வெவ்வேறு அளவில் பொருத்துகிறார்கள். மெலிதான உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைத்தால் அதே பெயர், குறைந்த வேகம்.

பட்ஜெட் இன்னும் குறைவென்றால், பழைய லேப்டாப்கள் விற்கும் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்சார ரயில்கள் இரண்டும் சென்ட்ரலுக்கே வருகின்றன; அங்கிருந்து தெரு பக்கம்தான். கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் போன்றவை துளி ஆடம்பரமில்லாதவை. குவாட்ரோ பி1000 உள்ள பிரிசிஷன் 5530, ஜிடிஎக்ஸ் 1050-ஐ ஒட்டிய வேகம் தரும். சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் கேமை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி கை வைக்க முடியாதபடி கொதித்தாலோ, வேகம் படிப்படியாக விழுந்தாலோ, கழற்றிச் சுத்தம் செய்து தரச் சொல்லி மறுபடி சோதிக்கலாம்.

புதிதாக வாங்குபவர் சர்வீஸ் சென்டர் எங்கே என்று முதலில் விசாரிப்பது நல்லது. வீட்டுக்கே ஆள் வந்து பழுது பார்க்கும் ஆன்-சைட் வாரண்டி இருந்தால், பழுது பார்க்க ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.