வெற்றிடத்துக்குள் ஒரு லேத் பட்டறை

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி புரோகிராம் எழுதுபவர் அதை நேராக உலோகத்தின் மேல் ஏவிவிடுவதில்லை. முதலில் திரையில் சிமுலேஷன், பிறகு டூல் எதன்மீதும் படாமல் ஒரு டிரை ரன், அப்புறம்தான் ஜாப். இதே ஒழுங்கு இந்தப் பக்கத்துக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களுக்கும் வரவேண்டும். அதற்கான வசதி இலவசமாகவே இருக்கிறது.

மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டத்தை டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கிறது. அதில் கோவை எட்டிமடையிலிருந்து இயங்கும் அமிர்தா பல்கலைக்கழகமும் பங்காளி. பிரவுசர் இருந்தால் போதும், சோதனையைத் தொடங்கிவிடலாம்.

ஒளிமின் விளைவையே எடுத்துக்கொள்வோம். தட்டு துத்தநாகம். 400 நானோமீட்டர் ஊதா ஒளியை அதன்மீது பாய்ச்சி, செறிவை எவ்வளவுதான் கூட்டினாலும் மின்னோட்டம் சுழி. அலைநீளத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 290-ஐத் தாண்டியதும், மங்கலான ஒளிக்கே எலெக்ட்ரான்கள் கிளம்பிவிடுகின்றன! 250-இல் அவற்றைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 0.66 வோல்ட் வேண்டும். வெளிச்சத்தின் அளவல்ல, ஒவ்வொரு ஃபோட்டானும் சுமந்துவரும் ஆற்றலே முக்கியம் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். புற ஊதா விளக்கு, வெற்றிடக் குழாய் எதற்கும் கல்லூரி செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் திரைக்குள் துத்தநாகம் கிடையாது. ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சமன்பாடு மட்டுமே அங்கே இருக்கிறது. நாம் ஸ்லைடரை நகர்த்துகிறோம், கணினி விடையைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்தச் சமன்பாட்டை நம்பாத ராபர்ட் மில்லிகன், சிகாகோவில் அதை உலோகத்தில் சோதித்துப் பார்க்கப் பத்தாண்டு பாடுபட்டார். சோடியம், லித்தியம் போன்றவை காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படிந்து மாறிவிடும். அதனால் காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே சுழலும் கத்தி ஒன்றைப் பொருத்தி, வெளியிலிருந்து மின்காந்தத்தால் இயக்கி, உலோகத்தின் மேல்தோலைச் சீவிவிட்டு அளந்தார். வெற்றிடத்துக்குள் ஓர் இயந்திரப் பட்டறை என்று அவரே அதை வர்ணித்தார். ஃபோட்டானின் ஆற்றலை ஒளியின் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலிக்கு 1916-இல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரிதான் என்று அவரது அளவீடே காட்டிவிட்டது.

ஸ்லைடரில் ஆக்சைடு படியாது. டூல் தேய்வதும் பிசிர் நிற்பதும் சிமுலேஷனில் தெரியாது என்பது இங்குள்ள எந்த மெஷினிஸ்டுக்கும் தெரியும். ஆகவே, திரைச் சோதனையை முந்தின நாள் மாலையே முடித்துவிட்டு மாணவர் ஆய்வகத்துக்கு வரட்டும். அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்இடிகளும் மின்தடையும் மல்டிமீட்டரும் இருந்தால் போதும். சிவப்பு ஏறக்குறைய 1.8 வோல்ட்டிலும், நீலம் 2.5-க்கு மேலேயும் எரியத் தொடங்கும். இந்த வோல்ட் அளவுகளை ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி கிடைக்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் உட்காரா. ஏன் உட்காரவில்லை என்று மாணவர்கள் வாதிடுவதற்குத்தான் ஆய்வக நேரம் வேண்டும்.